ஆட்டம் இல்லை என்று சொல்ல ஏற்ற நேரம்

இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தில் சின்சில் பேங்க் என்றொரு கால்பந்து மைதானம் இருக்கிறது. 1963 ஜனவரி 5, சனிக்கிழமை அங்கே லிங்கன் சிட்டிக்கும் கவென்ட்ரி சிட்டிக்கும் எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்று ஆட்டம் நடந்திருக்க வேண்டும். பனி விடவில்லை. ஆட்டம் 15 முறை தள்ளிப்போய் மார்ச் மாதம்தான் நடந்தது. கவென்ட்ரி 5-1 என்று ஜெயித்துவிட்டுப் போனது.

இதை எனக்கு முதலில் சொன்னவர், இடுப்பெலும்பு முறிந்து எங்கள் வார்டில் படுத்திருந்த ஒரு பெரியவர். அந்தக் குளிர்காலத்தில் அவர் பள்ளிச் சிறுவன். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானம் வரை போவதும், கதவில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்துவிட்டுத் திரும்புவதுமாகவே இரண்டு மாதம் ஓடியது என்றார். எந்தக் கதவு, தாளில் என்ன எழுதியிருந்தது என்பது வரை அறுபது வருஷம் கழித்தும் சொன்னார். அவர் இப்போது விழுந்ததும் உறைபனியில்தான். குப்பைத் தொட்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது கால் வழுக்கிவிட்டது.

நான் திருச்சிக்காரன். இங்கே இங்கிலாந்தில் எலும்பு முறிவு வார்டில் செவிலியராக இருக்கிறேன். வார இறுதிகளில் சிறுவர் லீக் ஆட்டங்களுக்கு நடுவராகப் போகிறேன். இந்த இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதால், குளிர்காலத்தில் கால்பந்து ஆட்டங்கள் தள்ளிப்போவதை நான் பார்க்கும் விதம் கொஞ்சம் வேறு. ஆட்டம் நின்றுபோவதில் எனக்கு வருத்தமில்லை. நிறுத்தும் முடிவைத் தாமதமாக எடுப்பதில்தான் எனக்குக் கோபம். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அந்த 1963 குளிர்காலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த நாட்டில் கால்பந்தும் பனியும் நேருக்கு நேர் நின்று மோதியது அப்போதுதான்.

1962 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பனி கொட்டத் தொடங்கியது. மாதக் கடைசியில் பனிப்புயல் அடித்துச் சாலைகளை மூடியது. பிறகு ஜனவரி. இங்கிலாந்தின் மத்தியப் பகுதிக்கு 1600-களிலிருந்தே வெப்பநிலைக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் 1963 ஜனவரியின் சராசரி மைனஸ் 2.1 டிகிரி செல்சியஸ். இருபதாம் நூற்றாண்டில் அதைவிடக் குளிர்ந்த மாதம் அங்கே இல்லை. பகல், இரவு இரண்டையும் சேர்த்த சராசரியே உறைநிலைக்குக் கீழே போய்விட்டது என்றால், விழுந்த பனி எங்கே கரையும்? கென்ட் கடற்கரையில் கடலின் விளிம்பே உறைந்தது. நாடு முழுக்க உறைபனி இல்லாமல் விடிந்த அந்த வருஷத்தின் முதல் காலை மார்ச் 6.

எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்று என்பது இங்கே ஒரு திருவிழா. பெரிய கிளப்புகள் போட்டியில் நுழைவது அந்தச் சுற்றில்தான். சின்ன ஊர் அணி ஒன்று பெரிய அணியை வீழ்த்துமா என்று நாடே காத்திருக்கும். மொத்தம் 32 ஆட்டங்கள். குறித்த நாளில் நடந்தவை மூன்றே மூன்று. மீதி எல்லாம் ஒத்திவைப்பு, மறுபடி ஒத்திவைப்பு. இந்த ஒரு சுற்றில் மட்டும் 261 ஒத்திவைப்புகள் என்று கணக்கு சொல்கிறது. ஒரே சனிக்கிழமையில் முடிய வேண்டிய சுற்று 66 நாள் இழுத்து மார்ச் 11-ஆம் தேதிதான் முடிந்தது. போல்ட்டன் அணி டிசம்பர் 8-க்குப் பிறகு அடுத்த லீக் ஆட்டத்துக்காக பிப்ரவரி நடுப்பகுதி வரை காத்திருந்தது.

கிளப்புகள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஆட்டம் நடந்தால்தான் வசூல், வசூல் வந்தால்தான் சம்பளம். ரெக்ஸ்ஹாமில் 80 டன் மணலைக் கொண்டுவந்து திடலில் கொட்டினார்கள். நாரிச்சில் தீயைப் பீய்ச்சும் கருவியால் பனியைச் சுட்டுப் பார்த்தார்கள். செல்சியில் சாலைக்குத் தார் காய்ச்சும் இயந்திரத்தை உருட்டி வந்தார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. மேலே சூடு பட்டதும் பனி தண்ணீராகிறது. கீழே மண் கல்லாக இறுகிக் கிடப்பதால் அந்தத் தண்ணீர் இறங்க வழியில்லை. ராத்திரி அது மறுபடி உறைந்து, முன்பைவிட வழவழப்பான பனிக்கட்டித் தளம் ஆகிவிடும். பிளாக்பூல் மைதானத்தில் இங்கிலாந்து அணி வீரர் ஜிம்மி ஆர்ம்ஃபீல்டும் கோல்கீப்பர் டோனி வெயிட்டர்ஸும் சறுக்குக் காலணி மாட்டிக்கொண்டு சறுக்கினார்கள். அந்தப் புகைப்படம் இன்றும் பிரபலம். ஹாலிஃபாக்ஸ் டவுன் கிளப் ஒரு படி மேலே போனது. தன் திடலையே பனிச்சறுக்குத் தளமாக்கி, ஊர் மக்களிடம் கட்டணம் வாங்கி உள்ளே விட்டது. வருமானமே இல்லாத ஒரு சின்ன கிளப் பிழைத்துக்கொள்ளக் கண்டுபிடித்த அந்த வழியை நினைத்தால் எனக்கு மதிப்புத்தான் வருகிறது.

வசதியுள்ளவர்கள் கடல் தாண்டினார்கள். அயர்லாந்தில் குளிர் இவ்வளவு கடுமையில்லை. மான்செஸ்டர் யுனைடெட்டும் கவென்ட்ரியும் பிப்ரவரி தொடக்கத்தில் டப்ளினுக்குப் போய்த் தங்களுக்குள் ஒரு நட்பு ஆட்டம் ஆடின. கால் மரத்துப்போகாமல் இருக்கவே அந்தப் பயணம். பனி விலகியதும் யுனைடெட் ஓடிய ஓட்டத்தைப் பாருங்கள். கோப்பையின் மூன்றாம் சுற்றை அவர்கள் ஆடியது மார்ச் 4-இல். நான்காம் சுற்று மார்ச் 11. ஐந்தாம் சுற்று 16. காலிறுதி 30. அந்தக் காலிறுதியில் எதிரே நின்றது அதே கவென்ட்ரி, லிங்கனில் 15 முறை காத்திருந்த அணி. யுனைடெட் 3-1 என்று ஜெயித்தது. இரண்டு மாதத்துக்கு மேல் பரவியிருக்க வேண்டியது நான்கு வாரத்துக்குள் முடிந்துவிட்டது. மே முதல் வாரத்தில் வைத்திருந்த இறுதி ஆட்டத்தை மே 25-க்குத் தள்ளினார்கள்.

அந்த இறுதி ஆட்டத்தில் யுனைடெட்டை எதிர்த்தது லெஸ்டர் சிட்டி. அந்தக் குளிர்காலத்தில் அவர்களுக்கு 'பனி மன்னர்கள்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்திருந்தன. மற்ற திடல்கள் எல்லாம் பாறையாகக் கிடக்கும்போது லெஸ்டரின் திடலில் மட்டும் ஆட முடிந்தது. காரணம் அவர்களுடைய திடல் பராமரிப்பாளர். முன்யோசனையோடு மேல்மண்ணில் உரமும் களைக்கொல்லியும் கலந்து வைத்திருந்தார். கரைந்த ரசாயனம் தண்ணீரின் உறைநிலையைக் கொஞ்சம் கீழே தள்ளும். அதோடு பெரிய இரும்புச் சட்டிகளில் கரி மூட்டித் திடலில் வைத்தார்கள். கோல்கீப்பர் கோர்டன் பேங்க்ஸ் பின்னால் நிற்க, லெஸ்டர் வரிசையாக ஜெயித்து லீக்கின் உச்சிக்கு நெருங்கி வந்தது. மே மாதம் பசும்புல் தரையில் நடந்த இறுதி ஆட்டத்தில் 3-1 என்று தோற்றது. கோப்பையும் போய், லீக்கில் நான்காம் இடம்தான் கிடைத்தது. என்னைக் கேட்டால் அந்த வருஷத்தின் நாயகன் அந்தத் திடல்காரர்தான்.

இன்னொரு விசித்திரமும் அந்தக் குளிர்காலத்தில் பிறந்தது. அன்றைக்குப் பிரிட்டனில் லட்சக்கணக்கான குடும்பங்கள் வாராவாரம் 'ஃபுட்பால் பூல்ஸ்' கட்டும். எந்தெந்த ஆட்டம் டிராவில் முடியும் என்று ஒரு சீட்டில் குறித்து, சில பென்னிகளோடு அனுப்புவார்கள். சரியாக அமைந்தால் பெருந்தொகை. ஆட்டங்களே இல்லாதபோது சீட்டுக்கு என்ன மதிப்பு? தொடர்ந்து சில வாரங்கள் சீட்டுகள் செல்லாது என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. பூல்ஸ் நடத்தும் நிறுவனங்கள் ஜனவரி 26 அன்று லண்டனில் ஒரு குழுவைக் கூட்டின. டாம் ஃபின்னி, டாமி லாட்டன், டெட் டிரேக், ஜார்ஜ் யங் என்று பழைய நட்சத்திர வீரர்கள். கூடவே ஆர்தர் எல்லிஸ் என்ற பேர்பெற்ற நடுவர். தலைவர் பிரபாசன் பிரபு. பிரிட்டனில் விமானம் ஓட்ட முதல் உரிமம் பெற்றவர் அவர். இவர்கள் கதவை மூடிக்கொண்டு அமர்ந்து, நடக்காத 38 ஆட்டங்களுக்கு முடிவு சொன்னார்கள். இது டிரா, அது உள்ளூர் அணிக்கு வெற்றி என்று அவர்கள் அறிவித்ததை வைத்துப் பரிசுப் பணம் பட்டுவாடா ஆனது. காற்றில் நடந்த ஆட்டம்தான். ஆனாலும் அந்த முடிவை நாடு ஏற்றுக்கொண்டது. அந்தக் குழு அதோடு கலையவும் இல்லை. பிற்காலத்திலும் ஆட்டங்கள் ஒத்திப்போகும் சனிக்கிழமைகளில் கூடி முடிவு சொல்லி வந்தது.

சரி, பனி விழுந்தால் ஏன் ஆடக்கூடாது? என் தம்பி ஊரிலிருந்து பேசும்போது இதைத்தான் கேட்பான். மழையில் சேற்றில் புரண்டு ஆடியவன் அவன். நியாயமான கேள்விதான்.

உண்மையில் விழுந்து கிடக்கும் வெண்பனி அவ்வளவு ஆபத்தில்லை. கோடு தெரிய வேண்டும், பந்து உருள வேண்டும், அவ்வளவுதான். கோடுகள் வரை பனியைத் தள்ளிவிட்டு, வெள்ளைப் பந்துக்குப் பதில் ஆரஞ்சு நிறப் பந்தை வைத்து ஆடலாம். ஆடியும் இருக்கிறார்கள். பனிப்போர்வை ஒரு வகையில் தரையைக் காப்பாற்றக்கூடச் செய்கிறது. கம்பளி போல அது மண்ணின் சூட்டை உள்ளே வைத்திருக்கும். ஆர்வக்கோளாறில் வெள்ளிக்கிழமை மாலையே பனியை எல்லாம் வாரி எடுத்துவிட்டால், அன்று ராத்திரி உறைபனி நேராக மண்ணில் இறங்கும். காலையில் திடல் கல். எங்கள் லீக்கில் திடல் பார்ப்பவர்கள் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பார்கள்.

பயப்பட வேண்டியது அந்த உறைந்த மண்ணுக்குத்தான். மண்ணுக்குள் இருக்கும் ஈரம் உறையும்போது விரிந்து, மண்ணைச் சிமெண்ட் மாதிரி இறுக்கிவிடும். முந்தின வாரம் சேற்றில் பதிந்த பூட்ஸ் தடங்கள் அப்படியே கூர் கூராக நிற்கும். பூட்ஸின் அடியிலுள்ள ஸ்டட்கள் தரையில் இறங்கவே இறங்காது. ஓடிக்கொண்டிருக்கும் பையன் திரும்ப நினைப்பான். பாதம் பிடி கொடுக்காமல் வழுக்கும், அல்லது ஒரு பள்ளத்தில் சிக்கிக்கொண்டு முழங்கால் மட்டும் திரும்பும். கீழே விழும்போது எல்லோரும் கையைத்தான் ஊன்றுவார்கள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஆரை எலும்பு முறிவது அப்படித்தான். அந்த முறிவை நான் திடலில் பார்ப்பதைவிட வார்டில் அதிகம் பார்க்கிறேன்.

அதைவிட மோசம் பாதி கரைந்த திடல். மதியம் லேசாக வெயில் பட்டு மேலே ஒரு அங்குலம் இளகியிருக்கும். பார்ப்பதற்குப் பச்சையாக, நன்றாகவே இருக்கும். அடியில் பனிக்கட்டி. எண்ணெய் தடவிய பாறை அது. பெற்றோர் வேலிக்கு வெளியே நின்று பார்த்து, 'நல்லாத்தானே இருக்கு' என்பார்கள்.

அதனால் நடுவர் திடலைப் பார்க்கப் போகும்போது சும்மா ஒரு சுற்று நடந்துவிட்டு வர முடியாது. நான் பூட்ஸ் மாட்டிக்கொண்டுதான் போவேன். குதிகாலை அழுத்திப் பார்ப்பேன், இறங்குகிறதா என்று. கார்ச் சாவியை மண்ணில் குத்திப் பார்ப்பேன். பந்தைத் தோள் உயரத்திலிருந்து போட்டால், உறைந்த தரையில் அது எகிறுகிற எகிறலிலேயே தெரிந்துவிடும். பிறகு ஓடி, சட்டென்று திரும்பிப் பார்ப்பேன். கோல் முகப்பு, மூலைகள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தெற்குப் பக்கத்து நிழல் பட்டை. லிங்கன் இருக்கும் அட்சரேகையில் டிசம்பர் கடைசியில் நண்பகலில்கூடச் சூரியன் 13, 14 டிகிரிக்கு மேல் ஏறாது. ஒரு மரவரிசை போதும், அதன் நிழல் பாதித் திடல் வரை நீண்டு கிடக்கும். வடக்குப் பக்கம் முழுதும் இளகியிருந்தாலும் அந்த நிழலுக்குள் மண் நாள் முழுக்க இறுகியே இருக்கும். அந்த ஒரு பட்டை போதும் ஆட்டத்தை நிறுத்த.

போன குளிர்காலத்தில் இப்படி ஒரு நிழல் மூலையால் பத்து வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தை நிறுத்தினேன். ஒரு பையனின் அப்பா யாழ்ப்பாணத்துக்காரர், என்னிடம் வந்தார்.

"அண்ணை, இவன் விடியப்புறம் அஞ்சு மணிக்கே எழும்பி உடுப்புப் போட்டிட்டான். அந்த மூலையை விட்டிட்டு மற்றப் பக்கத்திலை விளையாட ஏலாதோ?"

"இல்லைங்க. பந்து அந்த மூலைக்குப் போனா பிள்ளைங்க பின்னாடியே ஓடும். நீங்களே வந்து ஒரு தடவை மிதிச்சுப் பாருங்க."

வந்து மிதித்துப் பார்த்தார். குதிகாலால் இரண்டு முறை குத்தினார். ஒன்றும் சொல்லாமல் திரும்பி மகனைக் கூப்பிட்டு, "வாடா, அடுத்த கிழமை விளையாடலாம்" என்றார். பையன் அழுதான். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? ஆனால் அவர்கள் வீடு பக்கத்தில்தான். அவர்களுக்கு அரைமணி நேரம்தான் நஷ்டம். வேறொரு வாரம், வேறொரு திடலில், உள்ளூர்க்காரர்கள் திடலைப் பார்க்கவே ஒன்பதரை மணி ஆக்கிவிட்டார்கள். எதிரணிப் பிள்ளைகள் ஒரு மினிபஸ்ஸில் உறைந்த கிராமத்துச் சாலையில் ஒரு மணி நேரம் வந்து இறங்கிய பிறகுதான் ஆட்டம் இல்லை என்று தெரிந்தது. உப்புத் தூவாத சாலை அது. அந்த மினிபஸ் மறுபடி அதே வழியில் திரும்பிப் போவதைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. இப்போதெல்லாம் ஏழரைக்குள் திடலைப் பார்த்தாக வேண்டும் என்று முதல்நாளே உள்ளூர் கிளப்பிடம் சொல்லிவிடுகிறேன்.

பணமுள்ள கிளப்புகள் மண்ணின் பிரச்சினையை மண்ணுக்கு அடியிலேயே தீர்த்துவிட்டன. இங்கிலாந்தில் முதலில் துணிந்தது எவர்ட்டன். 1958-இல் 16,000 பவுண்டு செலவழித்து, குடிசன் பார்க் மைதானத்தின் புல்லுக்கு அடியில் 20 மைல் நீளத்துக்கு மின்கம்பி புதைத்தார்கள். பனி அழகாகக் கரைந்தது. கரைந்த தண்ணீரை வெளியேற்றும் அளவுக்கு வடிகால் இல்லை. இரண்டு வருஷத்தில் திடலை மறுபடி தோண்டிப் புதுக் குழாய் போட வேண்டி வந்தது. இப்போது பெரும்பாலும் மின்கம்பி இல்லை. புல்லின் வேருக்குக் கீழே பிளாஸ்டிக் குழாய்களை நெருக்க நெருக்கமாகப் பதித்து, கொதிகலனில் சூடாக்கிய தண்ணீரை உறையாமலிருக்க ஒரு திரவம் கலந்து ஓடவிடுகிறார்கள். பொத்தானை அழுத்தினால் உடனே இளகாது. மண் மெல்லத்தான் சூடேறும். ஒரு நாள், இரண்டு நாள் முன்னாலேயே முடுக்க வேண்டும். ஆகவே அங்கேயும் வானிலை அறிக்கையைப் படித்து முன்கூட்டி முடிவெடுக்கும் ஆள் தேவை. எரிவாயுச் செலவும் கொஞ்சநஞ்சமில்லை.

பிரீமியர் லீக்கில் இந்தச் சூடாக்கும் வசதி கட்டாயம். ஜெர்மனியின் பெரிய லீக்கிலும் அப்படியே. அங்கே கிறிஸ்துமஸை ஒட்டிச் சில வாரம் விடுமுறையும் விடுகிறார்கள். பின்லாந்து, சுவீடன், நார்வே இந்த வம்பே வேண்டாமென்று வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தில் லீக்கை முடித்துவிடுகின்றன. இங்கிலாந்தோ கிறிஸ்துமஸுக்கு மறுநாளும் புத்தாண்டிலும் ஆடியே தீருவது என்று பிடிவாதமாக இருக்கிறது. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். பண்டிகை நாளில் குடும்பமாக மைதானத்துக்குப் போவது இங்கே நூறு வருஷத்துக்கும் மேலான வழக்கம். அதை விடச் சொல்ல எனக்கு மனசில்லை.

ஆனால் திடலைச் சூடாக்கினால் பிரச்சினை தீர்ந்தது என்பது உண்மையில்லை. 2021 நவம்பர் 28, பர்ன்லி மைதானம். டாட்டன்ஹாமுடன் பகல் 2 மணிக்கு ஆட்டம். அர்வென் புயலின் வார இறுதி அது. பணியாளர்கள் பனியைத் தள்ளத் தள்ள, பின்னாலேயே புதுப் பனி மூடிக்கொண்டே வந்தது. சூட்டுக் குழாய் உறைபனியை வெல்லும். கொட்டும் பனிக்கு ஈடுகொடுக்காது. ஆட்டம் தொடங்கச் சுமார் 50 நிமிஷம் இருக்கும்போது ஒத்திவைத்தார்கள். அமெரிக்காவின் டெக்சஸிலிருந்து டாட்டன்ஹாமைப் பார்ப்பதற்காகவே ஒரு தம்பதி 31 மணி நேரம் பயணம் செய்து வந்திருந்தார்கள். செய்தி பரவியதும் டாட்டன்ஹாம் வீரர் ஹாரி கேன் அவர்களைத் தன் விருந்தினராக உள்ளூர் ஆட்டம் ஒன்றுக்கு அழைத்தார். நல்ல மனசு. அன்று லண்டனிலிருந்து பேருந்திலும் ரயிலிலும் வந்த மற்றவர்கள் வந்த வழியே திரும்பினார்கள். ஒத்திவைத்த ஆட்டம் பிப்ரவரி 23-இல் நடந்தது. பர்ன்லி 1-0 என்று ஜெயித்தது.

2010 டிசம்பரில் செல்சிக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் நடக்கவிருந்த ஆட்டம் வேறு வகை. சிக்கல் புல்லில் இல்லை. மைதானத்தைச் சுற்றியிருந்த சாலைகளும் நடைபாதைகளும்தான் ஆபத்தாகக் கிடந்தன. தள்ளிவைத்தார்கள், மார்ச் 1-ஆம் தேதி ஆடினார்கள். இப்போது இங்கே குளிர்கால ஒத்திவைப்புகளில் இப்படிப்பட்டவை நிறைய. 'திடல் பச்சையா இருக்கு, அப்புறம் ஏன் நிறுத்துறீங்க' என்று தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் கோபப்படுகிறார்கள். அவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான். மைதானத்தில் 22 பேர் ஓடுகிறார்கள். அவர்களைப் பார்க்க நாற்பதாயிரம் பேர் படி ஏறி இறங்குகிறார்கள். அதில் எழுபது வயதுக்காரர்கள் எத்தனை பேர்! பருவச்சீட்டு வைத்திருக்கும் பலர் அந்த வயதுதான். கான்கிரீட் படியில் ஒரு பனிப்படலம், முதல் படியில் ஒரு சறுக்கல். இளைஞன் என்றால் காயம். எழுபது வயது என்றால் இடுப்பு. இடுப்பெலும்பு முறிந்து வருகிற முதியவர்களில் பலர் பழைய நடையை மறுபடி பெறுவதே இல்லை. ஊன்றுகோலோடு வீட்டுக்குப் போகிறார்கள். சிலர் வீட்டுக்கே போக முடியாமல் முதியோர் இல்லத்துக்குப் போகிறார்கள். உறைபனி விழுந்த மறுநாள் காலை அவசரப் பிரிவில் வரிசையைப் பார்த்தவர்களுக்கு, அந்த நடைபாதைகளை மனசில் வைத்து ஆட்டத்தை நிறுத்தியவர்கள் மேல் கோபம் வராது.

சின்ன கிளப்புகளின் கஷ்டம் தனி. சனிக்கிழமை பகல் ஆட்டம் என்றால் டிக்கெட், தேநீர், பர்கர், பார் என்று கொஞ்சம் காசு புரளும். வாங்கி வைத்த ரொட்டியும் இறைச்சியும் ஆட்டம் இல்லையென்றால் வீண். தள்ளிப்போன ஆட்டம் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை ராத்திரிக்குப் போகும். குளிரில், வேலை முடிந்து, வெளியூர்க்காரர்கள் யார் வருவார்கள்? கூட்டம் பாதியாகும். தொழில்முறை அல்லாத வீரர்கள் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். வாரத்துக்கு மூன்று ஆட்டம் என்று ஏப்ரலில் குவியும்போது அவர்கள் உடம்பு என்ன ஆகும்? பனி கொட்டும் காலைகளில் ஆதரவாளர்கள் மண்வெட்டியோடு மைதானத்துக்கு வந்து நிற்பதற்கு இதுதான் காரணம். லிங்கன்ஷயர் கிராமத்துத் திடல்களில் அவர்களோடு நானும் பனி வாரியிருக்கிறேன். தேநீர்தான் கூலி. அப்படி ஒரு காலையில் எல்லோரும் சேர்ந்து திடலைத் துலக்கி முடித்த பிறகும், மண் இறுகியிருந்தால் நடுவர் 'இல்லை' என்றுதான் சொல்ல வேண்டும். அதைவிடக் கடினமான முடிவு நடுவருக்கு இல்லை.

ஆட்டம் தொடங்கிய பிறகு நிறுத்துவது இன்னும் கொடுமை. பாதியில் கைவிட்ட ஆட்டத்தைப் பெரும்பாலும் முதலிலிருந்து ஆட வேண்டும். 1961 ஜனவரியில் லூட்டனில் நடந்த கோப்பை ஆட்டம் ஒன்றில் மான்செஸ்டர் சிட்டியின் டெனிஸ் லா ஆறு கோல் போட்டார். அணி 6-2 என்று முன்னிலை. 69-ஆவது நிமிஷம், திடல் மழையில் குளமாகிவிட்டதென்று ஆட்டம் கைவிடப்பட்டது. ஆறு கோலும் கணக்கில் இல்லை. மறுஆட்டத்தில் லூட்டன் 3-1 என்று ஜெயித்தது. சிட்டியின் அந்த ஒரு கோலையும் லாதான் போட்டார். 1963-இன் தாமதமான இறுதி ஆட்டத்தில் யுனைடெட்டுக்கு முதல் கோல் போட்டதும் இதே லாதான் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

1937 கிறிஸ்துமஸ் அன்று லண்டனில் செல்சிக்கும் சார்ல்ட்டனுக்கும் நடந்த ஆட்டத்தை மூடுபனி நிறுத்தியது. சார்ல்ட்டன் கோல்கீப்பர் சாம் பார்ட்ரமுக்கு அது தெரியவில்லை. தன் அணி எதிர்ப்பக்கத்தில் தாக்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துத் தனியாகக் கோலைக் காத்துக்கொண்டிருந்தார். ஒரு போலீஸ்காரர் மூடுபனிக்குள்ளிருந்து வந்து, எல்லோரும் போய் ரொம்ப நேரமாகிவிட்டது என்று சொல்லித்தான் அவர் வெளியே வந்தார். நிறுத்துவது என்றால் திடலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அது போய்ச் சேர வேண்டும். எங்கள் நடுவர் பயிற்சியில் இந்தக் கதையை நானே புதியவர்களுக்குச் சொல்வதுண்டு.

தாமதம் ஒரு லீக்கின் முடிவையே அந்தரத்தில் நிறுத்தியதும் உண்டு. 1947-இன் குளிர்காலமும் கடுமையானது. போர் முடிந்து நிலக்கரிப் பஞ்சம். ஆலைகளில் ஆள் வராமல் போய்விடக் கூடாதென்று வாரநாள் ஆட்டங்களை அரசு தடுத்தது. ஒத்திப்போனவற்றை வாரநாளில் ஆட வழியில்லாததால் பருவம் ஜூன் 14 வரை நீண்டது. லிவர்பூல் தன் ஆட்டங்களையெல்லாம் மே 31-இல் முடித்துவிட்டு, இரண்டு வாரம் கையைப் பிசைந்துகொண்டிருந்தது. கடைசி ஆட்டத்தில் ஸ்டோக் சிட்டி ஜெயித்திருந்தால் லீக் பட்டம் அவர்களுக்கு. ஷெஃபீல்டில் தோற்றார்கள், லிவர்பூல் சாம்பியன் ஆனது. ஸ்டோக்கின் பெரிய நட்சத்திரம் ஸ்டான்லி மேத்யூஸ், பருவம் முடிவதற்குள்ளேயே பிளாக்பூலுக்கு விற்கப்பட்டிருந்தார். பனி இல்லாமல் பருவம் நேரத்தில் முடிந்திருந்தால் என்று ஸ்டோக்காரர்கள் இன்றும் பேசுவார்கள்.

ஒத்திவைப்பில் ஸ்காட்லாந்தை யாரும் மிஞ்ச முடியாது. 1963-இல் ஏர்ட்ரிக்கும் ஸ்ட்ரான்ரேருக்கும் நடக்க வேண்டிய கோப்பை ஆட்டம் 33 முறை தள்ளிப்போனது. 1979-இல் இன்வர்னஸ் திஸில் - ஃபால்கர்க் ஆட்டம் 29 முறை. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் விடியற்காலையில் எழுந்து, உறைந்த திடலில் குதிகாலை ஊன்றிப் பார்த்துவிட்டு, எதிரணியின் பேருந்து கிளம்புவதற்குள் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். 62 விடியல்களில் அந்த வேலையைச் செய்தவர்களின் பெயர் எந்தக் கோப்பையிலும் இல்லை.

இங்கே படிக்கவோ வேலைக்கோ வந்திருக்கும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் டிசம்பர், ஜனவரியில் முதன்முறையாக ஒரு ஆட்டம் பார்க்க ஆசைப்படுகிறார்கள். என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: சின்ன கிளப் ஆட்டத்துக்குப் போங்கள், கூட்டத்தோடு கூட்டமாக நின்று பாருங்கள். ஆனால் ரயில் ஏறுவதற்கு முன்னால் காலையில் கிளப்பின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். திடலைச் சோதிக்கப் போகிறார்கள் என்று போட்டிருந்தால் முடிவு வரும் வரை வீட்டிலேயே இருங்கள். ஆட்டம் தள்ளிப்போனால் மைதான டிக்கெட் புதுத் தேதிக்குச் செல்லும். ரயில் டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் காசு திரும்பாது. போகும்போது அடிப்பிடி உள்ள காலணி போடுங்கள். படியில் கைப்பிடியை விடாதீர்கள். வழுக்கினால், வலி இல்லாவிட்டாலும் மணிக்கட்டு வீங்குகிறதா என்று ராத்திரி ஒருமுறை பாருங்கள். வீங்கினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்ப் படம் எடுத்துவிடுங்கள்.